முதல் சில சந்திப்புகள்: சமூகப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு அரசு மருத்துவமனை, குடிநோய் சிகிச்சை மையம், பெண்கள் உதவி மையம், தொண்டு நிறுவனம் என்று வேலைக்குச் சேருபவர்களும், களப்பணிக்கு வரும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே பயனாளியோடு பழக ஆரம்பிக்கும் முதல் மூன்று நான்கு சந்திப்புகளைப் பற்றியவை.

முதல் சந்திப்பு நல்லபடியாக நடந்ததா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

அவர் இரண்டாவது முறை வருகிறாரா என்பதை வைத்துத்தான். முழு விவரமும் கிடைத்துவிட்டது, படிவம் நிரம்பிவிட்டது, அவர் மனம்விட்டு அழுதார் என்பதெல்லாம் நமக்குத் திருப்தி தரலாம். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனவர், வீட்டுக்குப் போய் “ஏன் இவ்வளவு சொன்னோம்?” என்று கூசிப்போய் அப்புறம் இந்தப் பக்கமே வராமல் இருப்பது சகஜம். பாதி சொன்னவர் மீதியைச் சொல்ல வருவார். அதனால் யாராவது அளவுக்கு மீறிச் சொல்லிக்கொண்டே போனால், “இன்னிக்கு இது போதும்மா, மிச்சத்தை அடுத்த வாரம் பேசலாம்” என்று நாமே நிறுத்துவதும் ஒரு திறமை.

இந்தக் கட்டத்தில் நாம் அவரைத் தெரிந்துகொள்வதைவிட, அவர் நம்மைச் சோதித்துப் பார்ப்பதுதான் அதிகம். இவரிடம் சொன்னால் வெளியே போகுமா, திட்டுவாரா, சொன்ன நேரத்துக்கு இருப்பாரா, நம்மால் இவருக்கு ஏதாவது ஆதாயமா? கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையைச் சுற்றியே வரும்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

நீங்கள் யார், இந்த இடத்தில் உங்கள் வேலை என்ன, எவ்வளவு நேரம் பேசப்போகிறீர்கள் என்பதிலிருந்து. நம் ஊரில் கையில் ஃபைலோடு வருபவரைப் பார்த்ததும் மக்கள் தாலுகா ஆபீஸ், லோன் வசூல், கணக்கெடுப்பு, கட்சி என்று ஏதோ ஒன்றாக நினைத்துக்கொள்வார்கள். மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தால் டாக்டர்தான். அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டு நீங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தால், வரும் பதில் எல்லாம் அந்த ‘டாக்டருக்கு’ச் சொல்லும் பதிலாக இருக்கும்.

“என் பேரு இது. நான் டாக்டர் இல்லை, ஊசி மருந்து என் வேலை இல்லை. வீட்டு நிலைமை, செலவு, மனசுக் கஷ்டம் இதையெல்லாம் பேசி, எங்கே என்ன உதவி கிடைக்கும்னு சேர்ந்து பார்க்கிறது என் வேலை” என்ற அளவு போதும். அதோடு, உங்களால் முடியாததையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வேலை வாங்கித் தர முடியாது, கேஸை வாபஸ் வாங்க வைக்க முடியாது, பணம் தர முடியாது. இதைச் சொன்னால் ஆள் வராமல் போய்விடுவாரோ என்று பயப்படுவார்கள். சிலர் வரமாட்டார்கள்தான். அவர்கள் மூன்று மாதம் அலைந்து ஏமாந்து போவதைவிட அது மேல்.

எப்படிக் கூப்பிடுவது? அண்ணா, அக்கா என்றால் உறவு எல்லை மீறுமா?

மீறாது. பாடத்தில் தொழில்முறை இடைவெளி என்று படித்துவிட்டு, ஐம்பது வயது அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அது இங்கே இடைவெளியாகத் தெரியாது, திமிராகத் தெரியும். வயதைப் பார்த்து அம்மா, ஐயா, அக்கா, அண்ணா என்பது சாதாரண மரியாதை. கிராமத்துக் கூலித் தொழிலாளி என்றால் ‘நீ’, பேன்ட் போட்டு வந்தவர் என்றால் ‘நீங்க’ என்று வாய் தானாக மாறுகிறதா என்று கவனியுங்கள். அதை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பதினைந்து வயதுப் பெண்ணிடம்கூட முதல் நாள் ‘நீங்க’ என்று ஆரம்பித்தால் தவறில்லை. அவளே சிரித்துவிட்டு “வா போன்னே சொல்லுங்கக்கா” என்பாள்.

படிவத்தை முதல் நாளே நிரப்பியாக வேண்டுமா?

நிறுவனம் கேட்கும். பெயர், வயது, முகவரி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற நான்கு விஷயத்தை வாங்கிக்கொண்டு பேனாவைக் கீழே வையுங்கள். வருமானம், கல்வி, சாதி, நோய், கடன் என்று வரிசையாகக் கேட்டால் ரேஷன் கார்டு விசாரணை மாதிரி ஆகிவிடும். மீதி எல்லாம் பேச்சிலேயே வந்து விழும். “வீட்டுல யார் யார் இருக்கீங்க?” என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலில் படிவத்தின் பாதி அடங்கிவிடும். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் ஏன் எழுதுகிறீர்கள், அதை யார் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து எழுதுபவர்கள் உண்டு, நல்ல பழக்கம்.

கூட வந்தவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். என்ன செய்வது?

இது தினமும் நடப்பது. மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று மாமியார் கூட்டி வருகிறார். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. மாமியார் முன்னால் உட்கார்ந்துகொள்கிறார், மருமகள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்காருகிறாள். ஓ.பி. சீட்டு மாமியாரின் பர்ஸில் இருக்கிறது. “உங்களுக்கு எப்போதிலிருந்து தூக்கம் வரலை?” என்று மருமகளைப் பார்த்துக் கேட்டால், “கல்யாணமாகி வந்ததுலேர்ந்தே இப்படித்தாங்க மேடம்” என்று மாமியார் ஆரம்பிக்கிறார். மருமகள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள்.

இங்கே மாமியாரைத் தடுத்தால் அந்தப் பெண்ணை அடுத்த முறை யார் கூட்டி வருவார்கள்? பஸ் காசு யார் கையில்? அதனால் முதலில் பெரியவர் சொல்வதை மரியாதையாகக் கேளுங்கள், நிஜமாகவே கேளுங்கள். அவருக்கும் பாரம் இருக்கும். அப்புறம், “இங்கே எல்லாரையும் தனித்தனியா பத்து நிமிஷம் பார்க்கிறது வழக்கம். முதல்ல உங்ககிட்ட பேசிட்டேன், இப்ப அவங்ககிட்ட பேசுறேன், நீங்க வெளியே பெஞ்சுல இருங்கம்மா” என்று சொல்லுங்கள். வழக்கம் என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. அதை உண்மையிலேயே எல்லாரிடமும் வழக்கமாக வைத்துக்கொள்ளவும் வேண்டும். அந்தப் பெண் தனியாக உட்கார்ந்த பிறகும் வாய் திறக்காமல் இருக்கலாம். இருக்கட்டும். வெளியே போனதும் “என்ன கேட்டாங்க?” என்று மாமியார் கேட்பார் என்பது அவளுக்குத் தெரியும். “வெளியே கேட்டா என்ன சொல்லலாம்னு நாம பேசிக்கலாமா?” என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால், நீங்கள் அவள் நிலைமையைப் புரிந்துகொண்டவர் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

தானாக வராமல் இழுத்து வரப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது?

குடிநோய் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் பலர் இப்படித்தான் வருகிறார்கள். ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மச்சான். வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். “எனக்கு ஒண்ணும் இல்ல சார், இவங்கதான்...” என்று ஆரம்பிப்பார்.

அவர் சொல்வதை மறுத்துப் பேச ஆரம்பித்தால் ஆட்டம் முடிந்தது. எவ்வளவு குடிக்கிறீர்கள், குடும்பத்தை நினைத்துப் பார்த்தீர்களா, பிள்ளைகள் முகத்தைப் பார்த்தீர்களா என்பதையெல்லாம் அவர் மனைவி, அம்மா, ஊர்ப் பெரியவர் என்று எல்லாரிடமும் கேட்டாகிவிட்டது. அதையே நீங்களும் கேட்டால் நீங்கள் அந்த வரிசையில் இன்னொரு ஆள், அவ்வளவுதான். “உங்களுக்கு விருப்பம் இல்லாம கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு தெரியுது. இன்னிக்கு வேலைக்கும் போக முடியலை இல்ல?” என்று ஆரம்பித்துப் பாருங்கள். கோபத்தை ஒப்புக்கொண்டாலே பாதி இறங்கிவிடும். அப்புறம் அவர் தொந்தரவாக நினைப்பது எதுவோ அதைக் கேளுங்கள். குடி அவருக்குத் தொந்தரவாகத் தெரியாமல் இருக்கலாம். தூக்கம் வராதது, கை நடுங்குவதால் கொத்து வேலைக்கு மேஸ்திரி கூப்பிடாதது, மகள் பேசாதது இவை தெரியும். நுழைய வேண்டிய வாசல் அதுதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் “இன்னிலேர்ந்து தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று கேட்காதீர்கள். கோயிலில் கயிறு கட்டிவிட்டு வந்தவர்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்கள் எல்லாம் உண்டு. சத்தியம் உடைந்தால் உங்கள் முகத்தில் விழிக்கவே கூச்சப்பட்டு வராமல் போய்விடுவார். அதைவிட முக்கியம்: பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். எப்போது, எப்படி நிறுத்துவது என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. வார்டில் சேர்ந்த முதல் சில நாளில் நீளமான ஆலோசனையும் வேண்டாம். கை நடுங்கிக்கொண்டு, வேர்த்துக்கொண்டு இருப்பவருக்கு நீங்கள் சொன்னது எதுவும் மறுநாள் நினைவிருக்காது. ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று, தூங்கினாரா, கஞ்சி இறங்கியதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். பேச வேண்டியதைப் பின்னால் பேசிக்கொள்ளலாம்.

“இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?” என்று கேட்டால்?

“சத்தியமா சொல்ல மாட்டேன்” என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக்கூடாது. ஏனென்றால் சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

18 வயதுக்கு உட்பட்ட குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருந்தால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். ‘குழந்தை என்னை நம்பிச் சொன்னது’ என்பது அங்கே எடுபடாது. பள்ளிக்கூடத்தில், குழந்தைகள் இல்லத்தில் வேலை செய்பவர்கள் இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே, குழந்தை எதுவும் சொல்வதற்கு முன்பே, அதற்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். “நீ சொல்றதை நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னு தெரிஞ்சா, உன்னைக் காப்பாத்துறதுக்கு சிலர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.” சொல்லிவிட்டால் பேசாமல் இருந்துவிடுமே என்று தயங்குவார்கள். ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் போலீஸோடு போய் நிற்பதை யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தை அதற்குப் பிறகு எந்தப் பெரியவரையும் நம்பாது.

வயதுவந்த பெண்ணை வீட்டில் அடிக்கிறார்கள் என்றால் நிலைமை வேறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீங்கள் கட்டாயம் புகார் கொடுக்க வேண்டும் என்று இல்லை. புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் முடிவு. பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், பெண் என்பதாலேயே வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று வழிகளைச் சொல்லிவிட்டு, முடிவெடுக்க அவருக்கு நேரம் கொடுங்கள். “இன்னுமா அந்த ஆளோட இருக்கீங்க?” என்று முதல் நாளே கேட்டால், அடுத்த முறை அடி வாங்கும்போது உங்களிடம் வர வெட்கப்படுவார்.

மனநல சிகிச்சையில் இருப்பவரின் விவரங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து போன்ற நிலைகளுக்கு அதிலேயே விதிவிலக்கும் உண்டு. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதற்கும் அதே 2017-இல் தனிச்சட்டம் வந்துவிட்டது. பொண்ணு பார்க்க வந்திருக்கிறோம், அந்தப் பையன் உங்களிடம் வருகிறானாமே என்று விசாரிக்க வரும் உறவினர்களுக்கும் ஒரே பதில்தான்: யார் வருகிறார்கள், வரவில்லை என்பதையே நாங்கள் சொல்வதில்லை.

“நீங்க என்ன ஆளுங்க?” என்று சாதியைக் கேட்கிறார்கள். பதில் சொல்வதா?

நேராகக் கேட்பவர்கள் குறைவு. “சொந்த ஊரு எது? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?” என்று சுற்றி வளைத்து வருவார்கள். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று அளந்து பார்க்கிறார்கள். ஊரைச் சொல்லலாம், சாதிக்கு வரும்போது “எந்த ஆளா இருந்தாலும் உங்க வேலையை நான் பார்க்கத்தான் போறேன்” என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த பணியாளருக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி வலிக்கும். தெரிந்த பிறகு வீட்டில் தண்ணீர் கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள். அதைத் தனியாக விழுங்கிக்கொள்ளச் சொல்லும் மேற்பார்வையாளர் தன் வேலையைச் செய்யவில்லை. நிறுவனம் அதைத் தன் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். நிறுவனப் பெயர் எழுதிய ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள், எச்.ஐ.வி., மனநலம், போதை என்று எழுதிய வண்டி வாசலில் நின்றால் அந்த வீட்டு ரகசியம் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அடையாள அட்டை பையில் இருக்கட்டும், கேட்டால் காட்டுங்கள். யார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று பயனாளியிடமே முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

டீ கொடுத்தால் குடியுங்கள். கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் வாங்கிவரக் கிளம்பினால் மட்டும் தடுத்து, “தண்ணி குடுங்க போதும்” என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள். இருக்கும் ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு வீட்டார் எல்லாரும் நின்றால், பாயிலோ திண்ணையிலோ அவர்களோடு உட்காருவது நல்லது. வீட்டைச் சுற்றிலும் கண்ணை ஓட்டாதீர்கள்.

பணம் கேட்டால்? போன் நம்பர் கேட்டால்?

சொந்தப் பணம் வேண்டாம். இருநூறு ரூபாய் கொடுத்த அன்று உறவு மாறிவிடும். திருப்பித் தர முடியாதவர் உங்களைப் பார்க்காமல் ஒதுங்குவார். பஸ் காசுக்கு, மருந்துக்கு நிறுவனத்தில் வழி இருக்கிறதா என்று முன்பே விசாரித்து வைத்திருங்கள். அது இருந்தால் “எங்ககிட்ட இதுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு” என்று கொடுக்கலாம்.

நம்பர் விஷயத்தில் அலுவலக எண்தான் சரி. இரவில் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அதோடு சேர்த்துப் பதில் கொடுத்துவிடுங்கள்: மனக்கஷ்டத்துக்கு 14416, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டு வீட்டில் யார் கண்ணில் படும் என்பதையும் யோசித்துக் கொடுங்கள்.

அழுதால்?

அழட்டும். உடனே தண்ணீரை நீட்டி, “அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்” என்பது நம் சங்கடத்தைத் தீர்க்கும் வழி. சும்மா இருங்கள்.

பொய் சொல்கிறார் என்று நன்றாகத் தெரிகிறது. கேட்டுவிடலாமா?

இப்போது வேண்டாம். மாத வருமானத்தைக் குறைத்துச் சொல்வார்கள், உதவி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். புருஷன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்பார்கள், விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொல்ல வாய் வராது. முன்பு யாரிடமோ உண்மையைச் சொல்லிப் பட்ட பாடும் இருக்கும். மனதில் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள். நம்பிக்கை வந்த பிறகு, “அன்னிக்கு ஒண்ணு சொன்னேன்ல, அது வந்து...” என்று அவர்களே திருத்துவார்கள். குழந்தையின் பாதுகாப்போ உயிரோ சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் காத்திருக்க முடியாது.

பரீட்சைக்குப் படித்த கோட்பாடுகளில் எது உண்மையில் உதவும்?

ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957-இல் ஏழு கோட்பாடுகளைச் சொன்னார்: ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, உணர்வுகளை வெளிப்படுத்த இடம் தருவது, நம் உணர்வைக் கட்டுக்குள் வைத்து ஈடுபடுவது, ஏற்றுக்கொள்வது, தீர்ப்புச் சொல்லாதிருப்பது, முடிவை அவரிடமே விடுவது, ரகசியம் காப்பது. நம் கல்லூரிகளில் எல்லாரும் மனப்பாடம் செய்வது. வேலையில் இறங்கியதும் கடினமாக இருப்பது முடிவை அவரிடம் விடுவதுதான். இங்கே முடிவு என்பது தனி ஆளின் கையில் இருப்பதே அபூர்வம். மாமனார், அண்ணன், சங்கத்துத் தலைவர் என்று பலர் அதில் இருப்பார்கள். ‘உங்க இஷ்டம்தான்’ என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கினால், அந்தப் பெண் அவர்களிடமே திரும்பப் போய்ச் சேருவாள். அவள் இஷ்டம் என்ன என்று அவளே யோசித்துப் பார்க்க ஒரு இடத்தை ஏற்படுத்தித் தருவதுதான் முதல் சில சந்திப்பில் நம்மால் முடிந்தது.

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் சொன்னது எனக்கு அதைவிட வேலைக்கு ஆகும். எங்கே போகப்போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு யார் என்ன செய்வது என்பதில் ஒப்புதல், இரண்டு பேருக்கும் இடையே ஒட்டுதல். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்யும் உறவு என்றார். புதியவர்கள் மூன்றாவதை மட்டும் வளர்த்துவிட்டு, நல்லாப் பழகுறாங்க, ஆனா ஒண்ணும் நகரலையே என்று வருவார்கள். எதற்காகச் சந்திக்கிறோம் என்று இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களா என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அவர் முதியோர் ஓய்வூதியத்துக்காக வந்துகொண்டிருப்பார், நீங்கள் மன அழுத்தத்துக்காக என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஓய்வூதிய விண்ணப்பத்தை முதலில் முடித்துக் கொடுங்கள்.

ஒப்புக்கொண்ட நாளில் வரவில்லை. நாம் தேடிப் போகலாமா?

ஒரு முறை போன் செய்யலாம், “ஏன் வரலை?” என்று கேட்காமல், “வர முடியலைன்னு நினைச்சேன், எப்ப தோதுப்படும்?” என்று கேட்கலாம். போனை எடுப்பவர் அவராகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வேறு குரல் வந்தால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் வைத்துவிடுங்கள். நூறு நாள் வேலை, தண்ணீர் லாரி வரும் நாள், குழுக் கடன் தவணை நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காரணம் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். நாமே வைத்த நேரம் அவருக்கு அரை நாள் கூலியைத் தின்கிறதா என்றும் பாருங்கள். உயிருக்கு ஆபத்து இல்லாத பட்சத்தில், வரமாட்டேன் என்று சொல்பவரைத் துரத்த வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடாமல் வையுங்கள்.

நான் களப்பணி மாணவி, வாரம் இரண்டு நாள்தான் வருவேன், ஏப்ரலோடு முடிந்துவிடும். அதை எப்போது சொல்வது?

முதல் நாளே. “நான் படிச்சுக்கிட்டு இருக்கேன், ஏப்ரல் வரைக்கும் திங்கள், வியாழன் வருவேன், அப்புறம் இங்கே இருக்கிற மேடம் உங்களைப் பார்ப்பாங்க” என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். படிக்கிற பெண் என்றதும் மதிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். பல வீடுகளில் அதற்காகவே கூடுதல் அன்பாகப் பேசுவார்கள், தங்கள் பிள்ளைக்கு என்ன படிப்பு நல்லது என்று கேட்பார்கள். மார்ச்சில் ஒரு சந்திப்புக்கு அந்த மேடத்தையும் கூடவே உட்கார வையுங்கள். அவரிடம் எதை எதைச் சொல்லலாம், எதை வேண்டாம் என்று பயனாளியிடம் கேட்டுவிட்டு ஃபைலை ஒப்படையுங்கள்.